காவலும் அபயமும்

நெல் விளைந்த வயலுக்கு வேலி வேண்டும். பொன் வைத்த பெட்டிக்குப் பூட்டு வேண்டும். மதிப்பு மிக்க பொருளுக்குக் காவல் வைப்பது உலக வழக்கு. ஆனால் வேலி எங்கே அமைய வேண்டும் என்று பயிரிடம் யாரும் கேட்பதில்லை. பூட்டைத் திறக்கும் உரிமை பொன்னுக்கு இல்லை. வேலியும் பூட்டும் உடைமையாளரின் நலனைக் கருதியே அமைகின்றன.

பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிச் சமுதாயம் பேசும்போது, அது அறிந்தோ அறியாமலோ, இந்த உவமைகளே அதன் மனத்தில் நிற்கின்றன. மாலை ஆனால் வெளியே போகாதே, தனியாகப் பயணம் செய்யாதே, உரக்கப் பேசாதே என்னும் அறிவுரைகள் அன்பினால் சொல்லப்படுபவைதாம். ஆயினும் அவற்றின் உள்ளே ஒரு கருத்து மறைந்திருக்கிறது. தீங்கு செய்பவன் அவன் விருப்பப்படி நடமாடுவான். தீங்குக்கு உள்ளாகக் கூடியவளே ஒதுங்கி வாழ வேண்டும் என்பதே அந்தக் கருத்து. இது அறத்துக்கு உகந்ததா? பாதுகாப்பு என்பதன் உண்மையான பொருள்தான் என்ன? தீங்கு அணுகாத இடத்தில் ஒருவரை வைப்பதா, அவர் எங்கிருந்தாலும் அஞ்சாமல் வாழும் நிலையை உண்டாக்குவதா?

வீடு என்னும் கோட்டை

முதலில் காவலின் பயனைப் பார்ப்போம். வீட்டினுள் இருக்கும் பெண் பாதுகாப்பாக இருக்கிறாள் என்பதே காவலை வலியுறுத்துவோரின் நம்பிக்கை. புள்ளிவிவரங்கள் இதற்கு மாறாக இருக்கின்றன. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயதுக்கு உட்பட்ட, மணமான பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கணவரால் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறினர். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. உலகெங்கும் மூன்று பெண்களில் ஏறத்தாழ ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்ட பெண்களும் சிறுமியரும் சுமார் 51,100 பேர் என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. நாள் ஒன்றுக்கு 140 பேர் என்பது இதன் பொருள்.

கோட்டை என்று எண்ணிய இடத்திலேயே பகை இருக்கிறது என்றால், கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்துவது தீர்வாகாது. காவலுக்கு இன்னொரு குறையும் உண்டு. காக்கப்படுபவரின் வலிமை காலப்போக்கில் தேய்ந்து விடுகிறது. தனியாகப் பேருந்தில் போக அறியாதவர், வங்கிக்குப் போக அறியாதவர், காவல் நிலையத்தின் படியேற அஞ்சுபவர், தம்மைக் காப்பவரையே முழுவதும் சார்ந்திருக்கிறார். காப்பவரே தீங்கு செய்யத் தொடங்கினால் அவர் எங்கே போவார்?

அபயத்தின் இரு முகங்கள்

பாரத நாட்டின் ஞான மரபில் 'அபயம்' என்றொரு உயர்ந்த சொல் உண்டு. பகவத்கீதையின் 16-ஆம் அத்தியாயம் தெய்விகப் பண்புகளை வரிசையாகக் கூறும்போது அஞ்சாமையையே முதலில் வைக்கிறது. துறவு ஏற்பவர் எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிப்பதாகச் சங்கற்பம் செய்கிறார். அவரால் இனி எந்த உயிருக்கும் அச்சம் நேராது என்பதே அந்த உறுதிமொழி.

ஆக, அபயத்துக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. அஞ்சாமல் இருப்பது ஒன்று. பிறர் அஞ்சும்படி இராமை மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்தே கீதை பக்தனின் இலக்கணத்தில் பேசுகிறது. பெண்களின் பாதுகாப்பைப் பற்றிய நம் பேச்சில் இரண்டாவது முகம் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. பெண் துணிவோடு இருக்க வேண்டும், தற்காப்புக் கலை பயில வேண்டும் என்று மேடைகளில் முழங்குகிறோம். அவளுக்கு அச்சம் தராதவனாக ஒவ்வோர் ஆணும் வளர வேண்டும் என்பதை அதே உறுதியுடன் சொல்வதில்லை. ஒரு தெருவில் பெண்கள் நடக்க அஞ்சினால், அங்கே வாழும் ஆண்களின் ஆன்மிக வாழ்க்கையிலும் ஏதோ குறை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அச்சத்தை அகற்றுவது எப்படி? இதற்கு அடித்தள மக்கள் சிலர் தம் செயலாலேயே விடை கூறியிருக்கின்றனர்.

புதுக்கோட்டையின் சாலைகளில்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு புகட்டுவதே அதன் நோக்கம். கற்பிக்க முன்வந்த தொண்டர்களில் பெண்கள் மிகுதி. கிராமம் கிராமமாகப் போய்வர அவர்களுக்கு வாகனம் இல்லை. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டப் பயிற்றுவிப்பதையும் எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாக ஆக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது.

தொடக்கத்தில் கேலியும் வசைச்சொற்களும் எழுந்தன. பெண்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. விவசாயக் கூலிகளும், கல் குவாரிகளில் உழைத்தவர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், ஆசிரியைகளும் மைதானங்களில் விழுந்து எழுந்து பழகினர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான சைக்கிள்கள் கடைகளில் தீர்ந்து போனபோது, ஆண்களுக்கான சைக்கிள்களையே வாங்கி ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இந்த நிகழ்ச்சியில் ஓர் ஆழ்ந்த உண்மை அடங்கியிருக்கிறது. அதுவரை பேருந்துக்காகக் காத்திருந்தவர், அழைத்துச் செல்லத் தந்தையோ கணவரோ சகோதரரோ வரும்வரை பொறுத்திருந்தவர், தண்ணீர் எடுக்கவும் விளைபொருளை விற்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் தாமே புறப்பட்டார். யாரும் அவருக்குக் காவலராக நியமிக்கப்படவில்லை. ஆயினும் சாலையின் இயல்பே மாறியது. தனியே சைக்கிளில் வரும் ஒரு பெண்ணை ஊர் வேடிக்கை பார்க்கும். நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்கள் வரும்போது அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பலர் சேர்ந்து நடமாடியதே அவர்களுள் ஒவ்வொருவருக்கும் அபயமாக அமைந்தது. அவர்களை வீட்டில் வைத்துக் காத்திருந்தால் அந்தச் சாலை அவர்களுக்கு என்றுமே அந்நியமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு பாடமும் ஒரு மாநிலமும்

ஏறத்தாழ அதே காலத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்திலும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. குடியால் சீரழியும் ஒரு குடும்பத்தின் கதை அங்கே முதியோர் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. தூபகுண்டா என்னும் கிராமத்துப் பெண்கள் அதைப் படித்தபோது அது அவர்களுடைய வீட்டுக் கதையாகவே இருந்தது. பகலெல்லாம் உழைத்த கூலி மாலையில் சாராயக் கடைக்குப் போனது. இரவில் அடியும் உதையும் வீட்டுக்கு வந்தன. அவர்கள் ஒன்றுகூடி ஊரிலிருந்து சாராயக் கடையை அகற்றினர். அவர்களுடைய செயலே அடுத்த பாடநூலில் ஒரு பாடமாயிற்று. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்களும் 1992-இல் எழுந்தனர். சாராய ஏலங்களை நடத்த விடாமல் தடுத்தனர். 1993 அக்டோபர் முதல் நாள் முதல் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை விதித்தது. 1995-இல் முழு மதுவிலக்கும் வந்தது.

1997-இல் அந்த மதுவிலக்கு தளர்த்தப்பட்டதும் உண்மை. அப்படியானால் அந்தப் பெண்கள் தோற்றார்களா? சட்டம் தளர்ந்தது என்பதால் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் அவர்களை விட்டுப் போய்விடவில்லை. நாளுக்கு ஒரு ரூபாய் சேமிக்கும் குழுக்கள் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே நெல்லூரில் வளர்ந்தன. அடி வாங்கிய ஒவ்வொருத்தியும் அதைத் தன் தலைவிதி என்று நினைத்திருந்த காலத்தில், அது எல்லாருக்கும் பொதுவான துன்பம், அதற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்தை அகற்ற முடியும் என்று கண்டுகொண்டதே அவர்கள் பெற்ற கல்வி.

துணிவின் விலை

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். அஞ்சாமையைப் போதிப்பது எளிது. அதற்கு விலை கொடுப்பவர் யார்? வலிமை அற்றவரைத் துணிந்து நில் என்று முன்னே தள்ளிவிட்டு, அறிவுரை கூறியவர் பாதுகாப்பாகப் பின்னே நிற்பது அறமாகுமா?

இராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவியின் வாழ்க்கை இந்தக் கேள்வியை மிகவும் கூர்மையாக எழுப்புகிறது. குயவர் குலத்தில் பிறந்த அவர், 1985 முதல் மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்', அதாவது தோழி என்னும் பொறுப்பில் பணியாற்றினார். குழந்தைத் திருமணங்களைத் தடுப்பதும் அவருடைய பணியில் அடங்கியது. 1992-இல் ஆதிக்கச் சாதிக் குடும்பம் ஒன்றில், ஒரு வயதுகூட நிறையாத பெண் குழந்தைக்குத் திருமணம் ஏற்பாடாயிற்று. அதைத் தடுக்க அவர் முயன்றார். அந்தத் திருமணம் நடந்தே விட்டது. அவருடைய குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், கணவரின் கண்ணெதிரே அவர் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது.

அவருக்குக் கிட்டாத நீதி, அவரால் நாட்டுக்குக் கிட்டியது. பணியின் பொருட்டே அவர் தாக்கப்பட்டார். அப்படியிருக்க, பணியிடத்தில் பெண்ணைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு 'விசாகா' முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. 1997 ஆகஸ்டு 13 அன்று உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற விசாகா நெறிமுறைகளை வழங்கியது. 2013-இல் அவை சட்டமாயின. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது இன்று சட்டம். மாடிக் கட்டடங்களில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் இலட்சக்கணக்கான பெண்கள், எழுத்தறியாத ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இவ்வாறு கடன்பட்டிருக்கிறார்கள்.

இந்த வரலாறு பெருமிதத்துடன் முடித்துவிடக் கூடியதன்று. பன்வாரி தேவிக்கு நேர்ந்தது, அவரை முன்னே அனுப்பிய அமைப்பு அவருக்குப் பின்னே அரணாக நிற்காததன் விளைவும் ஆகும். ஆகவே ஆட்சேபத்துக்கு விடை இதுதான்: அஞ்சாமையைத் தனி ஒருவரின் நற்பண்பாக மட்டும் கருதி அவரிடமே விட்டுவிடக் கூடாது. சட்டம், சங்கம், அயலார், அதிகாரிகள் ஆகிய அனைவரும் அதன் பாரத்தைச் சுமக்க வேண்டும். இல்லையெனில் துணிவு என்று நாம் போற்றுவது, பிறருடைய கடமைத் தவறுக்கு ஒரு பெண் செலுத்தும் அபராதமாகவே இருக்கும்.

திண்டுக்கல்லும் தொலைதூர நாடுகளும்

பாரத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் அந்தக் கொலைக்காகக் கைது செய்யப்பட்டார். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இந்தக் கொடுமையை ஒரு தனி மனிதனின் குற்றம் என்று சொல்லி முடித்துவிட இடம் கொடுக்கவில்லை. தொல்லையைப் பற்றி வாய் திறந்தால் வேலை போய்விடும் என்னும் நிலை இருக்கும்வரை அடுத்த கொடுமைக்கும் வழி திறந்தே இருக்கும் என்று அது வாதாடியது.

அந்த ஆலையில் தைக்கப்பட்ட ஆடைகள் தொலைதூர நாடுகளின் கடைகளில் விற்கப்பட்டன. எனவே அந்த நாடுகளிலுள்ள தொழிலாளர் உரிமை அமைப்புகளும், ஆசியாவின் ஊதிய உரிமைக் கூட்டமைப்பும் சங்கத்துடன் கைகோத்தன. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவாயிற்று. உற்பத்தி நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் அதில் கையெழுத்திட்டது. ஆடைகளை வாங்கிய எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட உடன்பட்டன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் வரம்பினுள் வந்தனர்.

அந்த ஒப்பந்தத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்டனர். அருகில் இருந்து தையல் இயந்திரத்தை இயக்கும் பெண்ணே அத்துமீறலை முதலில் காண்பவள். அவளுக்கே அதைத் தடுத்துக் கூறும் அதிகாரம் தரப்பட்டது. புகார் செய்தவர் பழிவாங்கப்படாமல் இருக்க வழி செய்யப்பட்டது. நிறுவனம் உடன்பாட்டை மீறினால், வாங்குவோர் தம் வணிகத்தின் வாயிலாக அதற்கு விளைவு ஏற்படுத்த வேண்டும். பிரச்சினையை அறிந்தவர்கள் திண்டுக்கல்லில் இருந்தனர்; அதைத் தீர்க்கப் போதிய பொருளாதார வலிமை தொலைவில் இருந்தது. தொலைவில் இருந்தவர்கள் தலைமையைப் பறித்துக்கொள்ளாமல் தம் வலிமையை உள்ளூர்ப் பெண்களுக்குத் துணையாக்கினர். உலகெங்கும் அடித்தள முயற்சிகளுக்கு ஆதரவு தருவது என்றால் அது இவ்வாறு இருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் லைபீரியாவிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. உள்நாட்டுப் போரால் அந்நாடு சிதைந்திருந்த 2003-இல், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை ஆடை அணிந்து, மன்ரோவியா நகரின் மீன் சந்தை அருகே நாள்தோறும் அமர்ந்து அமைதி வேண்டினர். பேச்சுவார்த்தை இழுபறியானபோது, அது நடந்த கானா நாட்டு அரங்கின் வாயிலையே மறித்து உட்கார்ந்தனர். அந்த ஆகஸ்டில் சமாதான உடன்பாடு ஏற்பட்டது. அவர்களை வழிநடத்திய லேமா போவீ 2011-இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசு வந்தது எட்டு ஆண்டுகள் கழித்து. சந்தையோரத்தில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்த நாட்களில் அவர்களிடம் இருந்தது ஒற்றுமை ஒன்றுதான்.

உதவியின் இலக்கணம்

இந்த வரலாறுகளிலிருந்து உதவிக்கு ஓர் இலக்கணம் வகுக்கலாம். முதலாவது, என்ன வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார் என்று பார்க்க வேண்டும். துன்பத்தை அனுபவிப்பவரே முடிவு செய்தால் அது உதவி. அவருக்காக மற்றவர் முடிவு செய்தால் அது இன்னொரு வகைக் காவல். இரண்டாவது, ஆபத்தை யார் ஏற்கிறார் என்று பார்க்க வேண்டும். உதவுபவர் எந்த இழப்புக்கும் உடன்படாமல் பாராட்டை மட்டும் பகிர்ந்துகொண்டால் அது சேவையாகாது. மூன்றாவது, உதவிய பின் அந்தப் பெண்கள் மற்றவர்களுக்கு உதவக் கூடியவர்களாக ஆனார்களா என்று பார்க்க வேண்டும். புதுக்கோட்டையில் சைக்கிள் கற்ற பெண் அடுத்தவருக்குக் கற்பித்தார். தூபகுண்டாவின் செயல் அயலூருக்குப் பாடமாயிற்று. அபயம் பெற்றவர் அபயம் அளிப்பவராக மாறுவதே உதவி நிறைவு பெற்றதற்கு அடையாளம்.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கருத்துகள், நம் குடும்பப் பண்பாட்டைக் குலைப்பவை என்று சொல்வோர் உண்டு. பிருஹதாரண்யக உபநிஷதம் காட்டும் ஜனகரின் சபையை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். கார்கி கேள்விமேல் கேள்வி எழுப்புகிறார். அளவுக்கு மீறிக் கேட்டால் தலை விழுந்துவிடும் என்று யாஜ்ஞவல்கியர் எச்சரிக்கிறார். கார்கி அப்போது அமைதியாகிறார். ஆனால் சற்று நேரத்தில் மீண்டும் எழுந்து, இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கச் சபையின் அனுமதியை வேண்டுகிறார். சபை இசைகிறது. அவற்றுக்கு விடையாகவே அழிவற்ற பரம்பொருளைப் பற்றிய மகத்தான உபதேசம் பிறக்கிறது. கார்கியின் துணிவைப் போற்றும் நாம் அந்தச் சபையையும் போற்ற வேண்டும். அது அவருக்காகப் பேசவில்லை. அவர் பேச இடம் விட்டது. சபை மறுத்திருந்தால் அந்த உபதேசம் நமக்குக் கிடைத்திருக்காது.

பிற்காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. பதினொரு வயதில் கைம்பெண்ணாகி, 1911-இல் சென்னையில் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். இளம் விதவைகளை மூலையில் அமர்த்திக் காப்பதே ஒழுக்கம் என்றிருந்த காலத்தில், அவர்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். காக்கப்பட வேண்டியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களே அடுத்த தலைமுறைக்குக் கல்வி அளித்தனர்.

இல்லத்தில் தொடங்குவது

பெரிய இயக்கங்களில் பங்குபெறும் வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை. ஆயினும் ஒவ்வொரு வீட்டுக்கும் செய்யத்தக்க பணி உண்டு. வீட்டுப் பெண்ணின் பெயரில், அவரே இயக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறதா? அவர் பணிபுரியும் இடத்தில் உள் புகார்க் குழு இருப்பது அவருக்குத் தெரியுமா? 181 என்னும் மகளிர் உதவி எண் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியுமா? பகிர்ந்து வாழும் வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியேற்ற முடியாதபடி 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கு உரிமை அளித்திருப்பதை அண்டை வீட்டார் அறிவார்களா? அடுத்த வீட்டில் அடிக்கும் ஓசை கேட்டால் அதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்காமல் கதவைத் தட்டுவோர் எத்தனை பேர்? ஒருவர் தட்டினால் ஒருவேளை அவரை வசைபாடுவார்கள். தெருவே தட்டினால் கை ஓங்குபவன் தயங்குவான்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையானது பிள்ளை வளர்ப்பு. மகள் நேரம் கழித்து வந்தால், எங்கே போனாய், யாருடன் இருந்தாய், யாரிடம் எப்படி நடந்துகொண்டாய் என்று கேட்பது நம் வீடுகளின் வழக்கம். அந்த மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வியை மகனிடமே முதலில் கேட்க வேண்டும். அவன் நடந்த தெருவில், அவன் ஏறிய பேருந்தில், அவன் படிக்கும் வகுப்பில் ஒரு பெண்ணாவது அவனால் அஞ்சினாளா என்று அவனே தன்னைக் கேட்டுப் பார்க்கும்படி பழக்க வேண்டும். அபயம் அளிக்கும் சங்கற்பம் துறவியர்க்கு மட்டும் உரியது என்று எந்த நூலும் சொல்லவில்லை. இல்லறத்தில் வாழும் ஒவ்வோர் ஆணும் அதை மேற்கொள்ளலாம்; நாள்தோறும் வீட்டை விட்டு வெளியே காலடி வைக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.